நாலு அங்குலக் கோடு

போர்ட் ஸ்டெர்லிங் ஸ்டேடியத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை நுழைகிற அறுபதாயிரம் பேரில் வாயைத் திறக்கக் கூடாதவர்கள் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். அதில் ஒருவர் தபால்காரர் ஏர்ல் ஓர்லிக்.

அவர் சங்கிலிக்காரர். கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டுக் கையால் ஆடுகிற ஆட்டம் அது; அந்த ஊரில் அதைக் கேலி பேசினால் சோறு கிடைக்காது. நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி, இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. ஆட்டம் அவ்வளவுதான், மீதியெல்லாம் சண்டை. அந்தப் பத்து கஜத்தைக் காட்ட மைதானத்தின் ஓரத்தில் இரண்டு கம்பும் நடுவில் ஒரு சங்கிலியுமாகச் சிலர் நிற்பார்கள். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். ஒருவர் மளிகைக் கடைக்காரர், ஒருவர் பல் டாக்டர், ஒருவர் ஏர்ல். சொந்த ஊர் அணி கோல் கோட்டைத் தாண்டினாலும் கை தட்டக் கூடாது, தோற்றாலும் முகம் சுளிக்கக் கூடாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், கணுக்கால் சுளுக்கிப் படுத்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு மாற்றாளாக ஒரே ஒரு நாள் போனவர் ஏர்ல். பக்கத்து வீட்டுக்காரர் குணமாகி, வயதாகி, செத்தும் போனார். ஏர்ல் இருபத்தாறு வருஷமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவருடைய வேலை கிளிப். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு ஓடும்போது அளவு மாறிவிடக் கூடாது அல்லவா? ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். சங்கிலி அந்தக் கோட்டின் பின் விளிம்பைத் தொடுகிற இடத்தில் ஒரு கிளிப்பை மாட்டுவார். நடுவில் போய் மண்டியிட்டு, அதே கோட்டின் அதே பின் விளிம்பில் கிளிப்பை அழுத்திப் பிடிப்பார். கம்புக்காரர் சங்கிலியை இழுப்பார். பந்து கம்பைத் தொட்டால் பிழைத்தார்கள்.

பின் விளிம்பு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கோட்டுக்கு நாலு அங்குல அகலம்.

மனுஷர் வீட்டிலும் அப்படித்தான். சுவரில் மாட்டிய படம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் சாப்பிட உட்கார மாட்டார். மகள் கல்யாணத்தில் கேக்கை வெட்டச் சொன்னதற்கு, அளந்து முடிப்பதற்குள் பாதி விருந்தாளிகள் கிளம்பிப் போய்விட்டார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு முத்தம் குடுக்கணும்னாகூட எந்த எடம்னு கோடு போட்டுக் காட்டணும்" என்று ஐரீன் மாதா கோயில் மீன் வறுவல் விருந்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பாள். ஏர்லும் சிரிப்பார். உள்ளுக்குள் அவருக்குப் பெருமை.

எண்பத்தேழு டிசம்பர் கடைசி ஞாயிறு. உள்ளூர் ஸ்டோக்கர்ஸ் அணி ஜெயித்தால் மேல் சுற்று. பதினோரு வருஷம் கழித்து முதல் தடவை. ஏரிப் பக்கமிருந்து பனி சாய்ந்து சாய்ந்து கொட்டியது. இரண்டு நிமிஷம் மிச்சம் இருக்கையில் நம் ஆட்கள் பதினேழு, கென்டக்கிக்காரர்கள் பதினாலு. பந்து நம் பக்கத்தில், நாலாவது முயற்சி, ஒரு கஜத்துக்கும் குறைவாகத்தான் பாக்கி. அந்த இடத்தில் பந்தை ஓங்கி உதைத்து எதிராளியைத் தூரத்துக்குத் தள்ளிவிடுவதுதான் உலக வழக்கம். அறுபதாயிரம் பேரும் "உதை, உதை" என்று கத்தினார்கள். கோச் டேல் ப்ரூவிட் உதைக்காரனை உட்காரச் சொல்லிவிட்டு, முட்டி மோதிப் போங்கள் என்று கை காட்டினார்.

முட்டினார்கள், மோதினார்கள். குவிந்து கிடந்த ஆட்களை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். சங்கிலி வந்தது. இரண்டு விரல்கடை குறைந்தது. பந்து கென்டக்கிக்காரர்களுக்குப் போயிற்று. ஆறே முயற்சியில் கோல் கோட்டைத் தாண்டி ஜெயித்துவிட்டுப் போனார்கள். ஸ்டேடியம் பிரமை பிடித்து நின்றது. ஒருத்தன் தொப்பியைக் கழற்றிப் பனியில் போட்டுவிட்டு வெறுந்தலையோடு நடந்து போனான்.

மறுநாள் திங்கட்கிழமை, தபால் பையை வைத்துவிட்டு ஏர்ல் வழக்கம்போல் மூன்றரை மணிக்கு வாண்டாவின் பீர் கடைக்குப் போனார். கடையில் இழவு வீட்டுச் சத்தம். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் மிட்ச் கோபல் நின்றுகொண்டே குடித்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்தால் கோபம் குறைந்துவிடும் என்று பயம்போல.

"ஒரு கஜம்டா! ஒரே ஒரு கஜம்! எங்க பொண்ணு தவழ்ந்தே போயிருப்பா. அதுக்கு இவன் எதுக்குடா முட்டச் சொல்றான்? ஒதைச்சுட்டுப் போக வேண்டியதுதானே! காலு எதுக்கு இருக்கு?"

மூலையில் இருந்த டெரன்ஸ் வாயைத் திறந்தான். உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். போர்ட் ஸ்டெர்லிங் முழுவதும் கோச்சுக்காகப் பேசியவன் அன்று அவன் ஒருத்தன்தான். "அண்ணே, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த மாதிரி பத்து தடவை முட்டுனா ஏழு தடவை கெடைக்கும். கெடைச்சா ஆட்டம் அங்கயே முடிஞ்சுது, அவங்களுக்குப் பந்தே கெடையாது. ஒதைச்சா அவங்க திரும்பி வர ரெண்டு நிமிஷம் இருக்கு. அவர் எடுத்த முடிவு சரி. வந்த முடிவுதான் தப்பு."

"வாத்தியாரே, ஒங்க கணக்கெல்லாம் பிள்ளைங்ககிட்ட வெச்சுக்கோங்க. தோத்தோமா இல்லையா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"தோத்தோம்."

"அப்ப அவன் முட்டாள். முடிஞ்சுது கணக்கு. எனக்கு முழு மார்க் போடுங்க."

கடையே சிரித்தது. எடுப்பதும் முடிவு, வந்து சேர்வதும் முடிவு என்று நமக்காவது ஒரே சொல், குழம்பினால் மன்னிக்கலாம். அவர்கள் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. இருந்தும் அன்றைக்கு டெரன்ஸைத் தவிர ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"கடுதாசி எழுதிப் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றான் மிட்ச். "காலையில மொத வேலையா. ஊரை விட்டு ஓடுடான்னு எழுதியிருக்கேன். நாளைக்கு நம்ம ஏர்லு கொண்டுபோய் அவன் கையிலயே குடுப்பாரு. இல்லையா ஏர்லு?"

ஏர்ல் தலையை ஆட்டினார். கோச் வீடு அவருடைய தபால் பாதையில்தான் இருந்தது. ஆட்டத்தைப் பற்றி அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம். கடைக்குள் இருந்தாலும் அவர் சங்கிலிக்காரர்தான்.

"கத்துனது போதும், டிவியப் பாருங்க" என்று வாண்டா சத்தத்தைக் கூட்டினாள். உள்ளூர்ச் சேனலில் முந்தின நாள் ஆட்டத்தை மறுபடி காட்டினார்கள். இந்தத் தடவை எதிர்ப் பக்கத்து கேமராவில் எடுத்தது. யாரும் இதுவரை பார்க்காதது. ஆட்களின் குவியல், நடுவர், பந்து. சங்கிலி வருகிறது. ஏர்ல் வருகிறார், மண்டியிடுகிறார். பனியைக் காலால் தள்ளுகிறார். ஐரீன் பின்னிக் கொடுத்த சிவப்புக் கையுறை.

"ரெண்டு விரல்!" என்று மிட்ச் பந்து இருந்த பக்கத்தைக் காட்டிக் கத்தினான். "பாரு! பாருடா! இந்த ரெண்டு விரலுக்காக பதினோரு வருஷம் போச்சு!"

கடையில் எல்லார் கண்ணும் பந்தின் மேல் இருந்தது. ஏர்ல் தன் கையைப் பார்த்தார்.

கிளிப்பைப் பின் விளிம்பில் பிடித்திருந்தால் வெள்ளைக் கோடு கைக்கு முன்னால் தெரிய வேண்டும். தெரியவில்லை. கைக்குப் பின்னால் தெரிந்தது. பனியை ஒதுக்கியதும் கண்ணில் பட்ட முதல் விளிம்பில் அழுத்தியிருந்தார். அது முன் விளிம்பு. சங்கிலி முழுவதும் நாலு அங்குலம் முன்னால் தள்ளி நின்றது. குறைந்ததோ இரண்டு விரல்.

மறுபடி காட்டுவார்கள், அப்போது சரியாக இருக்கும் என்று நினைத்தார். மறுபடி காட்டினார்கள். சிவப்புக் கையுறை, பின்னால் வெள்ளைக் கோடு. மூன்றாவது தடவையும் காட்டினார்கள். பக்கத்தில் இருந்தவன் கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தான். உலகத்தில் ஒருத்தனுக்குமா தெரியவில்லை? கம்பி வேலி மாதிரி அவ்வளவு தெளிவாக இருக்கிறதே! தொண்டை வரை வந்தது வார்த்தை. 'அது கெடைச்சிருச்சு, நான்தான் கெடுத்தேன்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

அப்போதுதான் படம் மாறியது. மேஜைக்குப் பின்னால் கோச் ப்ரூவிட். முகத்தைச் சவரம் செய்யவில்லை. "முடிவு என்னோடது. தப்பும் என்னோடது. பசங்களை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். ஒரு நிருபர், "பந்து தாண்டிடுச்சுன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டான்.

"நான் நினைக்கிறதுல என்ன இருக்கு? அளந்தாங்க, குறைஞ்சுது."

அடுத்து அணியின் முதலாளி வந்து உட்கார்ந்தார். கோச்சை அந்த நிமிஷத்திலிருந்து நீக்கிவிட்டதாகப் படித்தார். கடை அதிர்ந்தது. மிட்ச் முன்பின் தெரியாத ஒருவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். டெரன்ஸ் மட்டும், "இது அநியாயம்ணே" என்று எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போனான். வாண்டா எல்லாருக்கும் ஒரு சுற்று பீர் ஊற்றினாள். ஏர்ல் முன்னாலும் ஒன்று வைத்தாள்.

"என்ன ஏர்லு, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? ஒடம்பு சரியில்லையா?"

"வீட்டுக்குப் போறேன் வாண்டா" என்றார். அவ்வளவுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, கோச் வீட்டுக்கு மட்டும் எழுபத்திரண்டு கடிதங்கள். ரப்பர் பாண்டு போட்டு மூன்று கட்டு. மேலே கிடந்த உறையில் மிட்சின் கையெழுத்து, எழுத்து ஒவ்வொன்றும் சண்டைக்கு வருகிற மாதிரி. இத்தனை வசவையும் சுமந்துகொண்டு நடந்தார் ஏர்ல். தனக்கு வர வேண்டிய வசவு அது. மேல்விலாசம் மட்டும்தான் தப்பு. சங்கிலி வேலை போகும், ஊரில் தலை காட்ட முடியாது, மிட்ச் முகத்தில் காறித் துப்புவான். போகட்டும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

கோச் தானே கதவைத் திறந்தார். வீட்டுக்குள் அட்டைப் பெட்டிகள்.

"அங்கயே போட்டுடுங்க" என்றார் கடிதக் கட்டுகளைப் பார்த்து.

"கோச், நான் ஏர்ல் ஓர்லிக். சங்கிலியில கிளிப் பிடிக்கிறவன்."

"தெரியுமே. ஒம்பது வருஷமா ஒங்க பக்கத்துலதான நிக்கிறேன்."

ஏர்லுக்கு அதுவே தூக்கிவாரிப் போட்டது. தன் முகம் அவருக்குத் தெரியும் என்று அவர் நினைத்ததே இல்லை. யோசித்து வைத்திருந்த முன்னுரை எல்லாம் மறந்து போய், "நான் தப்பான விளிம்புல பிடிச்சுட்டேன் கோச்" என்றார். "முன்பக்கம். நாலு அங்குலம். நேத்து டிவியில பார்த்தேன். பந்து தாண்டிடுச்சு. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

கோச் அசையவில்லை. அடிக்கப் போகிறார் என்று ஏர்ல் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார்.

"எவ்வளவு?"

"நாலு அங்குலம்."

"நாங்க எவ்வளவு கம்மி?"

"ரெண்டு விரல். ரெண்டு அங்குலம்கூட இருக்காது."

கோச்சின் முகம் கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று ஏர்லுக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று அப்புறம் தெரிந்தது. அந்தப் பெரிய உடம்பு வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தது. "கெடைச்சிருச்சு" என்றார். "ஏய், கெடைச்சிருச்சுய்யா! ஏழுக்கு மூணு! நான் முட்டாள் இல்ல!" எழுந்து ஏர்லின் கோட்டுக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "வாங்க. வந்து என் பொண்டாட்டிகிட்டயும் சொல்லுங்க. நார்மா! இங்க வா! இந்த ஆளு என்ன சொல்றாருன்னு கேளு!"

நார்மா செய்தித்தாளில் ஒரு தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏர்ல் மறுபடியும் சொன்னார். முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் தட்டை மேஜையில் வைத்தாள். ஏர்லைப் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"நான் சொன்னேனா இல்லையா?"

"நார்மா..."

"ஸ்டேடியத்துல மேல ஒக்காந்து நேரா பார்த்தேன், தாண்டிடுச்சுன்னு ஞாயித்துக்கிழமையே சொன்னேன். என்ன சொன்னீங்க நீங்க? 'சங்கிலியைவிட ஒனக்குத் தெரியுமா, வாயை மூடு'ன்னீங்க. முப்பது வருஷத்துல மொத தடவையா என்னை வாயை மூடுன்னு சொன்னீங்க." இப்போதுதான் ஏர்ல் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "ரெண்டு நாளா எங்கூட ஒரு வார்த்தை பேசலை இந்த மனுஷன். என்னை நம்பலை. ஒங்களைத்தான் நம்புனாரு."

ஏர்ல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"நான் இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன் கோச்" என்றார். "லீக் ஆபீசுக்கும், பேப்பருக்கும். ஊருக்கே தெரியட்டும். ஒங்க வேலை..."

"வேண்டாம்."

"கோச்?"

ப்ரூவிட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சந்தோஷம் எல்லாம் வடிந்து, மேஜைக்குப் பின்னால் டிவியில் பார்த்த அதே முகம் திரும்பி வந்துவிட்டது. "வேலை போனது போனதுதான். எழுதி வெச்ச ஸ்கோரை எவனும் மாத்த மாட்டான். நேத்து சாயங்காலம் மேற்கேயிருந்து ஒரு டீம் போன் பண்ணாங்க. எதுக்குக் கூப்பிட்டாங்க தெரியுமா? நான் டிவியில சாக்குச் சொல்லாம, தப்பு என்னோடதுன்னு சொன்னேனாம். அந்த மாதிரி ஆளுதான் வேணுமாம். இன்னிக்கு நீங்க போயி சங்கிலி தப்புன்னு சொன்னா என்ன நினைப்பாங்க? கோச்சு தபால்காரனைப் பிடிச்சு சாக்குச் சொல்ல வெச்சுட்டான்னு நினைப்பாங்க. சாக்குச் சொல்ற கோச்சுக்கு எந்த ஊர்லயும் வேலை கெடையாது."

"அப்ப நான் என்ன செய்யறது?"

"ஒண்ணும் செய்யாதீங்க. செப்டம்பர்ல வழக்கம்போல வேலைக்குப் போங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எனக்காக."

தண்டனை வாங்க வந்தவரிடம் தண்டனையும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வாய்விட்டுச் சொல்லி இறக்கி வைக்கவும் வழியில்லை. தலையை ஆட்டுவதைத் தவிர வேறு என்ன செய்வார், ஆட்டினார். நார்மா கதவு வரை வந்தாள். காபி சாப்பிடுங்கள் என்றோ, போய்விட்டு வாருங்கள் என்றோ அவள் சொல்லவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் வாண்டாவின் கடைக்குப் போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனார். சண்டை இன்னும் ஓயவில்லை. டெரன்ஸ் ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மிட்ச் அந்தத் தாளின் மேல் பீர் கிளாஸை வைத்திருந்தான்.

"நேத்துக் காட்டுன கேமராவுல கோணமே தப்புண்ணே" என்றான் டெரன்ஸ். "தாண்டியிருக்கும்னுதான் எனக்கு இன்னும் படுது. அளந்ததுல ஏதோ கோளாறு. அது மட்டும் சரியா இருந்தா நீங்க எல்லாரும் இன்னிக்கு அவருக்கு மாலை போட்டிருப்பீங்க."

"என்ன வாத்தியாரே, யாரைச் சொல்றீங்க? இந்தா இருக்காரு அளந்த ஆளு! கல்யாணக் கேக்கையே நூல் பிடிச்சு வெட்டுன மனுஷன்யா இவரு!" மிட்ச் நாற்காலியோடு திரும்பினான். "ஏர்லு, இத்தனை வருஷத்துல ஒங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இன்னிக்கு ஒரே ஒரு தடவை கேக்கறேன். நீங்க அங்கதான மண்டி போட்டிருந்தீங்க? தாண்டுச்சா, தாண்டலையா?"

வாண்டா கிளாஸைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். டெரன்ஸ் ஏர்லையே பார்த்துக்கொண்டிருந்தான், நம்பிக்கையோடு.

"தாண்டலை" என்றார் ஏர்ல்.

"கேட்டீங்களா வாத்தியாரே?"

டெரன்ஸ் கிளாஸை நகர்த்தி, தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றான்.